கால் சுற்று

விசைப்படகு ஷாப்ட் மூன்று, ஐஸ் உடைக்கும் மெஷினின் பல் ஒன்று,
இவற்றுக்கு நடுவில்
யூரியா சாக்கில் சுற்றிய ஒரு குழலும் வந்து கிடந்தது,
முதுநகர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், என் பட்டறையில்.

கொண்டுவந்தவர் உலகநாதன். குறிஞ்சிப்பாடிப் பக்கம் முந்திரித் தோப்பு.
பன்றி வருகிறது என்றார். விரட்டத்தான், சத்தம் போதும் என்றார்.
பின்னடைப்பு கசிகிறது என்றார்.
கூட வந்த பெண் ஒன்றும் சொல்லவில்லை.
ஸ்டூலை முந்தானையால் தட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

வாய்வழி மருந்து இடிக்கிற துப்பாக்கிக்கு
முனை இரண்டு. ஒன்று திறந்தே கிடக்கும்,
அதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள்.
மற்றதை எவனோ ஒருவன் மூடியிருக்கிறான்.
அவன் யாரென்று யாரும் கேட்பதில்லை,
அது திறந்துகொள்ளும் நாள்வரை.

பழைய திருகைக் கழற்றவே ஒரு பகல் போனது.
டீசல், கொஞ்சம் சூடு, நிறையக் கெட்டவார்த்தை.
வெளியே வந்தபோது அதில்
தீபாவளிக்கு மறுநாள் தெருவின் வாடை.
மரையெல்லாம் கரி. பல் தேய்ந்த இடத்தில்
யாரோ நூல் சுற்றி இறுக்கியிருந்தார்கள்.
நூல்! தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுவார்களே, அப்படி.

என்னிடமுள்ள எந்த அளவுச் சீப்பும் அந்த மரையில் உட்காரவில்லை.
மில்லிமீட்டரும் இல்லை, அங்குலமும் இல்லை,
எந்தக் கொல்லனோ தன் கைக்கு வந்தபடி வெட்டியது.
அவன் கணக்கைத் தேடி, அவன் சாய்ந்த பக்கம் நானும் சாய்ந்து
புது இரும்பில் வெட்டினேன்.

உள்ளே ஒரு விளிம்பு உண்டு, அடைப்பு போய் முட்டும் இடம்.
நீலம் தடவித் திருகிக் கழற்றினால்
வட்டம் முழுக்க ஒட்டியிருக்க வேண்டும்.
எனக்கு ஒட்டியது மூன்றாம் பிறை.
மிச்சத்தில் ஒரு காகிதம் நுழையும் வெளி.
கரி குடியேற அது தாராளம்.

"போதும் மேஸ்திரி," என்றார் உலகநாதன், "சத்தத்துக்குத்தானே."
கலிமுல்லா கடிகாரத்தைப் பார்த்தான். விடிந்தால் ஷாப்ட் ஏற வேண்டும்.
நானும் போதும் என்றுதான் நினைத்தேன்,
பொய் சொல்வானேன்.

ரசீது எழுத லைசென்ஸ் புத்தகத்தைக் கேட்டேன்.
படத்தில் இருந்தது ஸ்டூலில் இருந்தவள்.
அஞ்சலாட்சி, வயது நாற்பத்தொன்று.
"சுடுறது நான்தான். இவருக்கு வெடிச்சத்தம் ஆவாது."
எழுந்தாள், குழலைக் கட்டையில் பொருத்தினாள்,
தோளில் ஏற்றிக் கன்னத்தைச் சாய்த்தாள்,
தலையணையில் சாய்ப்பதுபோல, அவ்வளவு சாதாரணமாக.

என் பிறைக்கும் அவள் கண்ணுக்கும்
நான்கு விரல் தூரம்.
மூக்குத்தி இன்னும் கிட்டே.

"நாளைக்கு வாங்க," என்றேன்.

இரவு லேத்தைத் தொடவில்லை, அரம் மட்டும்.
ஒரு இழுப்பு. நீலம். திருகல். கழற்றல்.
ஒரு பக்கம் கூடினால் மறுபக்கம் குறைந்தது.
உப்பனாற்றில் ஓதம் ஏறி, சேற்று வாடையை விட்டு இறங்கியது.
இரண்டரை மணிக்கு முழு வட்டம்.
கடைசிக் கால் சுற்றைச் சாவி போட்டு
மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கினேன்.
இணைப்பை நகத்தால் தேடினேன்,
நகத்துக்குச் சிக்கவில்லை.

தோப்பில் மரத்தோடு கட்டி, தூர நின்று
மாட்டுக் கயிற்றால் இழுத்துப் பார்க்கச் சொன்னேன்.
தலையாட்டினாள்.
ஞாயிறு மதியம் போன் வந்தது: "வெச்சுடாதீங்க மேஸ்திரி."
காற்று. சருகு மிதிபடும் சத்தம்.
உலகநாதன் யாரிடமோ, "இரு, நான் தள்ளிப் போய்க்கிறேன்."
அப்புறம், போனைக் காதிலிருந்து பிடுங்குகிற மாதிரி ஒன்று.

அப்புறம் எதுவுமில்லை.

கலிமுல்லாவைக் கேட்டால் இரண்டு நொடி என்பான்.
பட்டறையில் செய்த வேலை ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது எனக்கு,
அவசரத்தில் அனுப்பியவை மட்டும்.

"கயிறு கட்டல மேஸ்திரி," என்றாள்.
"தோள்லதான் வெச்சேன். ஒரு பொட்டுப் புகை இந்தப் பக்கம் வரல.
கூலி எவ்ளோன்னு சொல்லவே இல்லியே?"

திட்டத்தான் வாயெடுத்தேன்.
"ஐநூறு," என்றேன்.